புது ஸ்பீக்கரைப் பழக்குவதா, திருப்பிக் கொடுப்பதா? 30 நாள் கெடுவில் 6 நாள் போய்விட்டது

மாலைக்கேட்பு:

வணக்கம் நண்பர்களே. 11 வருடம் கூடவே இருந்த சின்ன ஸ்பீக்கர் ஜோடிக்கு விடை கொடுத்துவிட்டேன். வூஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்தது. இப்போது வாங்கியிருப்பது ஸ்டாண்டில் வைக்கிற டூ-வே. பேஸுக்கு ஆறரை அங்குல வூஃபர், மேல்ஸ்தாயிக்கு ஒரு அங்குலத் துணி ட்வீட்டர், காற்று போய்வரும் துளையான போர்ட் பின்பக்கம்.

கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுத்தான் எடுத்தேன். பாடகி எதிரிலேயே நின்று பாடுவது போல இருந்தது. வீட்டில் மாட்டிய முதல் நாளே மனசு விட்டுப்போனது. பேஸில் ஒரே ஒரு சுரம் மட்டும் ‘பும்’ என்று வீங்குகிறது, மற்றதெல்லாம் மெலிந்து கிடக்கிறது. குரலில் ‘ச’, ‘ஷ’ வரும்போதெல்லாம் காதைக் கீறுகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியவில்லை.

விற்றவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “இன்னும் பழகவில்லை, 200 மணி நேரம் ஓடட்டும், அப்புறம் பாருங்கள்” என்றார். நான் ஒரு நாளைக்குக் கேட்பது இரண்டரை மணி நேரம். இதுவரை மொத்தம் 15 மணி நேரம் ஓடியிருக்கும். இந்தக் கணக்கில் 200 மணி நேரம் ஆகும்போது திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருக்கும். இரவு பகலாக ஓடவிடலாமா? பிரேக்-இன், அதாவது ஓட ஓட ஸ்பீக்கர் பழகி ஒலி மாறுவது என்பது நிஜமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோன்தாள்:

நிஜம்தான் தம்பி. 30 வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நான் வாங்கிய ஒவ்வொரு ஜோடியும் முதல் வாரத்தில் முரட்டுத்தனமாகத்தான் ஒலித்தது. புதுச் செருப்பு காலைக் கடிக்கிற மாதிரி. அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

சீக்கிரம் பழக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரையும் முகத்துக்கு முகம் ஓரிரு அங்குல இடைவெளியில் நிறுத்துங்கள். ஒன்றில் மட்டும் சிவப்பு, கருப்பு வயர்களை மாற்றிச் சொருகுங்கள். ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) மோனோவில் வைத்து, எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சலான பிங்க் நாய்ஸ் ஓடவிடுங்கள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், அதனால் பேஸ் வெளியே வராமல் தங்களுக்குள்ளேயே அடங்கிவிடும். மேலே ஒரு கனத்த போர்வையைப் போட்டால் பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்கலாம். முடிந்ததும் வயரைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

சத்தம் பேச்சளவில் இருந்தால் போதும். 20 ஹெர்ட்ஸ் மாதிரி ஆழமான தனி ஒலியை ஓட்டவே வேண்டாம். போர்ட் எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ அதற்குக் கீழே போனால் கோனுக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விடும், அதை ஆட்டுகிற கம்பிச்சுருள் (காயில்) அடிபடும். ஆம்பை அதன் எல்லைக்குத் தள்ளுவதும் கூடாது. அலையின் தலை வெட்டுப்பட்டால் முதலில் கருகுவது ட்வீட்டர்தான்.

அளவுகோல்:

கோன்தாள் ஐயா சொன்ன முறை சரி, எச்சரிக்கைகளும் சரி. ஆனால் ‘நிஜம்தான்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசில்லை. எவ்வளவு நிஜம் என்று பார்க்க வேண்டும்.

நான் பெட்டி சொந்தமாகச் செய்கிறவன், அதனால் வூஃபரைப் பெட்டிக்குள் போடும் முன் தனியாக அளக்கிற பழக்கம் உண்டு. கோனைப் பிடித்திருப்பவை இரண்டு: வெளி விளிம்பில் ரப்பர் சரவுண்ட், உள்ளே காயிலை ஒட்டி ஸ்பைடர். ஸ்பைடர் என்பது பிசினில் தோய்த்து மடிப்பு மடிப்பாக அழுத்திய துணி. கஞ்சி போட்ட சட்டை போலப் புதிதில் விறைப்பாக இருக்கும், ஆட ஆட இளகும். ஆக, மாற்றம் இருக்கிறது. அதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கடைசியாக நான் அளந்த ஒரு வூஃபரின் கணக்கு இது. பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஒத்ததிர்வு (கோன் தானாக அதிரும் அதிர்வெண்) 58 ஹெர்ட்ஸ், க்யூ மதிப்பு (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு) 0.42, வாஸ் (கோனின் பிடிமானத்துக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு) 14 லிட்டர். ஓர் இரவு முழுக்க ஆட்டிய பிறகு 51 ஹெர்ட்ஸ், 0.37, 18 லிட்டர். பார்த்தால் பெரிய மாற்றம். ஆனால் 58-ஐ 0.42-ஆல் வகுங்கள், 51-ஐ 0.37-ஆல் வகுங்கள். இரண்டுமே 138-தான். விறைப்பு குறையும்போது இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டே நகர்கின்றன. 10 லிட்டர் மூடிய பெட்டியில் அதே வூஃபரைப் போட்டால் 60 ஹெர்ட்ஸில் வித்தியாசம் சுமார் 0.3 டெசிபல், 100 ஹெர்ட்ஸில் 0.1 கூட இல்லை.

இந்த எண்களைப் பெட்டியோடு சேர்த்துக் கணக்குப் போடும் முறையைத் தந்தவர்கள் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால். தீலின் கட்டுரை ஆஸ்திரேலியாவில் 1961-இல் வந்தது, ஸ்மால் 1970-களில் அதை விரிவாக்கினார். இன்று பெட்டி செய்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறோம்.

ஸ்பைடர் இளகினாலும் ஒலி அதிகம் மாறாது என்பதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. 1954-இல் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கரில் வேண்டுமென்றே கோனை மிகத் தளர்வாகப் பிடித்து, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே முக்கிய ஸ்பிரிங்காக வைத்தார். காற்று இளகாது, தளராது. நம் சின்ன மூடிய பெட்டிகளிலும் கோனைத் தாங்குவதில் பெரும்பங்கு அந்தக் காற்றுக்குத்தான். ஸ்பைடர் கொஞ்சம் இளகினால் மொத்த விறைப்பில் குறைவது சொற்பம். போர்ட் வைத்த பெட்டிக்கு எண்கள் வேறு, ஆனால் ஈடுகட்டுகிற கதை அதேதான்.

அதோடு இந்த இளக்கத்தில் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும். 200 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. மாலைக்கேட்பு, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்?

மாலைக்கேட்பு:

அறை 4.3 மீட்டர் நீளம், 3.4 அகலம், 2.9 உயரம். ஸ்பீக்கர்கள் குறுகிய சுவரோரம் நிற்கின்றன, பின்பக்கத்துக்கும் சுவருக்கும் 25 சென்டிமீட்டர். பழைய ஜோடி நின்ற அதே இடம். சோஃபா எதிர்ச் சுவரை ஒட்டி இருக்கிறது. நடுவில் கண்ணாடி மேசை.

நிலையலை:

விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது நண்பரே.

ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள்: 40 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 50, உயரத்துக்கு 59. இந்த மூன்று இடத்திலும் உங்கள் அறை தானாகவே ஒரு மணி போல அதிரும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த 40 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 80-ம் உச்ச அழுத்தத்தோடு உங்கள் தலையில் வந்து விழும். நீங்கள் சொன்ன ‘பும்’ இதுதான் என்று நினைக்கிறேன். பழைய சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு ஆழம் போயிருக்காது, அதனால் அறையின் இந்தக் குணம் 11 வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பின்பக்க போர்ட்டைச் சுவருக்கு 25 சென்டிமீட்டரில் கொண்டுவந்து வைத்ததும் எழுந்துகொண்டது.

மெலிவுக்கு வேறு காரணம். வூஃபரின் முகம் சுவரிலிருந்து சுமார் 55 சென்டிமீட்டரில் இருக்கும், சரியா? பேஸ் எல்லாத் திசையிலும் பரவுவது. பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்புகிற அலை, நேராக வருகிற அலையோடு எதிரும் புதிருமாகச் சேர்கிற ஓர் அதிர்வெண் உண்டு. 343-ஐ அந்தத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். உங்களுக்கு 156 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் நெஞ்சும் மிருதங்கத்தின் தொப்பிச் சத்தத்தின் சதையும் இருக்கிற இடம் அது. அங்கே பள்ளம் விழுந்தால் எல்லாமே மெலிந்துதான் கேட்கும், அதற்கு மேலே இருக்கிற ‘ச’, ‘ஷ’ துருத்திக்கொண்டு நிற்கும்.

இதை எந்த மணி நேரமும் சரிசெய்யாது, சுவர் இளகாது அல்லவா. வூஃபர் முகம் சுவரிலிருந்து 1.1 மீட்டர் வருமாறு முன்னால் இழுங்கள், அந்தப் பள்ளம் 78 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சோஃபாவை 80, 90 சென்டிமீட்டர் முன்னே நகர்த்துங்கள். ஸ்பீக்கர்களுக்கு இடையே இரண்டு மீட்டர் வையுங்கள், ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். கண்ணாடி மேசையை ஒரு வாரம் வெளியே போடுங்கள். நிரந்தரமாக வேண்டாம், சோதனைக்கு மட்டும். தரையில் டேப் ஒட்டி இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோன்தாள்:

அறையின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பலமுறை ஸ்பீக்கரை அசைக்காமல், அதே இடத்தில், அதே நாற்காலியில் கேட்டிருக்கிறேன். மூன்றாவது வாரம் ஒலி இதமாகிறது. 30 வருடம் பழகிய காதை அத்தனை சுலபமாகத் தள்ளிவிட முடியுமா?

அளவுகோல்:

தள்ளவில்லை ஐயா. மாற்றம் நடந்தது என்பதை அப்படியே ஏற்கிறேன். எது மாறியது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பழைய ஸ்பீக்கரின் தேய்ந்த மேல்ஸ்தாயிக்குப் பழகிய காது, புதியதைக் கேட்கும்போது முதல் வாரம் முழுக்க ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவது வாரம் புதியதே வழக்கமாகிவிடும். இது காதின் குறை இல்லை, காது அப்படித்தான் வேலை செய்கிறது. எனக்கும் நடக்கிறது, ஒவ்வொரு முறையும்.

பார்த்துக்கொண்டு கேட்பது எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்பதற்கு ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரே ஸ்பீக்கர்களை ஒரு முறை கண்ணால் பார்த்தும், ஒரு முறை திரைக்குப் பின்னால் மறைத்தும் கேட்கவைத்தார்கள். பார்த்தபோது மதிப்பெண்கள் மாறின. அதைவிட என்னை உலுக்கியது இது: ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றியதால் வந்த உண்மையான வித்தியாசம், பார்த்துக்கொண்டு கேட்டபோது மதிப்பெண்ணில் சரிவரத் தெரியவே இல்லை. மறைத்தபோதுதான் தெரிந்தது.

சண்டை போடாமல் தீர்க்க ஒரு வழி சொல்கிறேன். மாலைக்கேட்பு, ஜோடியில் ஒன்றை இன்றே கழற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். அந்த அறையிலேயே இருக்கட்டும், குளிரில் ரப்பர் விறைத்துக்கொள்ளும். மற்றதை ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வீதம் 10 நாள் ஓட்டுங்கள். பிறகு ஒரே ஸ்டாண்டில் மாற்றி மாற்றி வைத்து, பார்க்காமல் கேளுங்கள்.

கோன்தாள்:

நியாயமான சோதனை. ஆனால் இரண்டு ஓட்டைகள். ஒன்று, இரண்டுமே ஏற்கெனவே 15 மணி நேரம் ஓடியவை. இரண்டு, ஒரே மாடலில் இரண்டு பெட்டிகள் அச்சு அசலாக ஒன்று போல இருக்காது. பழக்கியதால் வந்த வித்தியாசமா, பிறவியிலேயே இருந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

அளவுகோல்:

இரண்டுமே சரியான கேள்விகள், நன்றி ஐயா. முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். இது 0-வுக்கும் 200-க்குமான சோதனை இல்லை, 15-க்கும் 155-க்கும் ஆனது. ஆனால் “200 மணி நேரம் காத்திருங்கள்” என்ற வாக்கைச் சோதிக்க இது போதும். இரண்டாவதற்கு, பெட்டியில் வைக்கும் முன் இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தி, மைக்கை அசைக்காமல் அளந்து வையுங்கள். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம், அளவீட்டுக்கான யூஎஸ்பி மைக் ஒன்று இருந்தால் போதும். பிறவி வித்தியாசம் அதில் பதிவாகிவிடும்.

புதுக்காது:

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். நான் இன்னும் வாங்கவே இல்லை, தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கிறேன். இதையெல்லாம் படித்தால் கடையில் கேட்பதற்கே அர்த்தம் இல்லையோ என்று தோன்றுகிறது.

நிலையலை:

அர்த்தம் இருக்கிறது, எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். கடையில் பேஸைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், அது அந்த அறையின் பேஸ். குரலையும் நடுப்பகுதியையும் கேளுங்கள். நன்றாகத் தெரிந்த நாலைந்து பதிவுகளைக் கொண்டுபோங்கள். இரண்டு மாடலை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே அது ‘சத்தம் அதிகம்’ என்று தோன்றாது, ‘தரம் அதிகம்’ என்று தோன்றும். முடிந்தால் ஒற்றை ஸ்பீக்கரில் மோனோவாகக் கேட்டுப் பாருங்கள். ஸ்டீரியோவின் அகலம் மறைத்துவிடும் குறைகள் ஒற்றையில் வெளியே வந்துவிடும்.

அளவீட்டு வரைபடம் கிடைத்தால் விடாதீர்கள். டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் வருடக்கணக்காக மறைவுச் சோதனைகள் நடத்தினார். நேர் எதிரே சமமாகவும், பக்கவாட்டில் போகப்போக திடீர் மேடு பள்ளம் இல்லாமல் மெல்லச் சரிகிறதாகவும் இருக்கும் ஸ்பீக்கர்களையே மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கவாட்டு ஒலிதான் சுவரில் பட்டு உங்களிடம் வருகிறது, அதனால் அதைப் பார்க்காமல் வாங்குவது பாதியைப் பார்த்து வாங்குவது. சிடிஏ-2034 என்ற அளவீட்டுத் தரநிலையின் பெயரில் வரும் வரைபடங்களில் இவை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும்.

சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கிற மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்ணில் ஒரு பொறி. 2.83 வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட், அதாவது 3 டெசிபல் இனாம். அந்த இனாமைக் கொடுப்பது உங்கள் ஆம்ப்தான். மற்றபடி, வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். 86 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் ஒரு மீட்டரில் 99 தொட்டுவிடும். வீட்டு அறைக்கு 200 வாட் வேண்டுமா என்று நிதானமாக யோசியுங்கள்.

இன்னொன்று, சின்ன அறைக்குச் சின்ன ஸ்பீக்கர் குறை இல்லை. 1970-களில் பிபிசி உருவாக்கிய எல்எஸ்3/5ஏ கையில் தூக்கிப்போகிற மூடிய பெட்டி. ஸ்டுடியோவுக்கு வெளியே போய் ஒலிபரப்பும் வண்டியின் நெருக்கடிக்குள் குரலைச் சரியாகக் கேட்கச் செய்தது. ஆழ்ந்த பேஸ் கிடையாது, சென்சிட்டிவிட்டி 83 பக்கம்தான். குரலுக்காக இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள்.

மாலைக்கேட்பு: (11-ஆம் நாள்)

ஒற்றை ஸ்பீக்கரோடு வாழ்கிறேன், அதனால் எழுதத் தாமதமாகிவிட்டது. ஏழாம் நாள் இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் வைத்து அளந்தேன். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் 0.6 டெசிபல் வித்தியாசம். கோன்தாள் ஐயா சொன்ன பிறவி வித்தியாசம் இதுதான் போல.

பிறகு நிலையலை சொன்ன இடத்துக்கு மாற்றினேன். கேட்கும் இடத்தில் 40 ஹெர்ட்ஸ் மேடு 7 டெசிபல் இறங்கியது. 156 பக்கம் இருந்த பள்ளம் நிரம்பிவிட்டது. எண்களை விடுங்கள், மேசையை வெளியே போட்டுவிட்டு ஒரு குரல் பதிவை வைத்தபோது தொண்டைக்கு அடியில் உடம்பு வந்துவிட்டது. எழுந்துபோய்ப் பழைய இடத்துக்குத் தள்ளிக் கேட்டேன், மெலிந்தது. இழுத்தேன், வந்தது. நாலு முறை செய்து பார்த்தேன்.

‘ஷ’ இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நேராக என்னைப் பார்த்திருந்ததை லேசாக வெளிப்பக்கம் திருப்பினேன், பாதி குறைந்தது.

கோன்தாள்:

மகிழ்ச்சி தம்பி. நாலு முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தீர்களே, அதைத்தான் நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. மறைவுச் சோதனையின் முடிவுக்குக் காத்திருக்கிறேன்.

மாலைக்கேட்பு: (18-ஆம் நாள்)

முடித்துவிட்டேன். பழகியது சுமார் 155 மணி நேரம், பழகாதது 15. தங்கை உதவினாள். நான் ஸ்டாண்டுக்கு முதுகு காட்டி நிற்பேன். அவள் நாணயம் சுண்டி ஏதாவது ஒன்றை வைப்பாள், இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி துணி. அதையே திரும்ப வைத்தாலும் தூக்கி இறக்குவாள், சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அதே 40 விநாடிப் பதிவைக் கேட்டு, பழகியதா இல்லையா என்று சொல்ல வேண்டும். 16 முறை. 9 சரி, 7 தவறு. நாணயம் சுண்டியே சொல்லியிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்.

அதில் ஐந்து முறை “சந்தேகமே இல்லை, இதுதான் பழகியது” என்று அழுத்திச் சொன்னேன். அந்த ஐந்தில் மூன்று தவறு. அது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

மறுபடி அளந்தேன். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகபட்ச வித்தியாசம் 0.3. அந்த 3 கிலோஹெர்ட்ஸ் 0.6 அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

அளவுகோல்:

அருமையான வேலை, தங்கைக்கு என் நன்றி. ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன்: பெட்டியை மாற்ற அரை நிமிடம் ஆகும், அதற்குள் நுணுக்கமான ஒலி நினைவு மங்கிவிடும். மிகச் சிறிய வித்தியாசம் இருந்து நீங்கள் தவறவிட்டிருக்கலாம். ஆனால் விற்றவர் வாக்களித்தது மிகச் சிறிய வித்தியாசத்தை இல்லையே. கேட்க முடியாத ஸ்பீக்கர் கேட்கக்கூடியதாக மாறும் என்றுதானே சொன்னார்.

கோன்தாள்:

நேர்மையான முடிவு, ஏற்கிறேன். முதல் சில மணி நேரத்தின் இளக்கம் பற்றி இது எதுவும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். அடுத்த மாதம் எனக்கு ஒரு ஜோடி வருகிறது. பெட்டியைப் பிரித்த முதல் நிமிடத்திலிருந்து ஒன்றை மட்டும் ஓட்டப் போகிறேன். அளவுகோல், அந்த மைக்கை எங்கே நிறுத்துவது, எவ்வளவு சத்தத்தில் அளப்பது என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.

புதுக்காது:

மாலைக்கேட்பு அண்ணா, கடைசியில் வைத்துக்கொள்கிறீர்களா, திருப்பிக் கொடுக்கிறீர்களா?

மாலைக்கேட்பு:

வைத்துக்கொள்கிறேன். நேற்று இரண்டையும் மறுபடி ஜோடியாக மாட்டினேன், மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. சோஃபா அறைக்கு நடுவில் வந்ததில் வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. இரவில் மட்டும் முன்னே இழுத்துக்கொள்ளலாம் என்று உடன்பாடு, தரையில் டேப் அப்படியே இருக்கும். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். 40 ஹெர்ட்ஸில் இன்னும் 4 டெசிபல் மேடு இருக்கிறது. போர்ட்டில் பஞ்சு அடைத்தால் குறையுமா?

நிலையலை:

குறையும். ஒரே ஸ்பீக்கரில் ஆரம்பிக்க வேண்டாம், இரண்டிலும் ஒரே அளவு ஃபோம் உருளை வையுங்கள். முதலில் தளர்வாக, நடுவில் காற்றுப் போக வழி விட்டு. அளந்து பாருங்கள். போதவில்லை என்றால் முழுக்க அடையுங்கள். ஆழம் கொஞ்சம் போகும், உங்கள் அறையே அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். உள்ளே விழுந்துவிடாமல் வால் மாதிரி ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், ஒருமுறை நான் அதை எடுக்க வூஃபரையே கழற்ற வேண்டியிருந்தது.